மதுரையை ஒரே நாளில் நடந்து அறிவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

சென்னையில் வளர்ந்து, பணிமாற்றத்தால் மதுரைக்கு வந்த நான், முதல் மாதத்தில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி வழி தவறிய நாட்களே அதிகம். பின்னர் நானே வகுத்துக்கொண்ட முறை இது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை இதே வரிசையில்தான் இன்றும் அழைத்துச் செல்கிறேன்.

முதல் படி: இடங்களைப் பார்க்கும் முன் திசைகளைப் பழகுங்கள்

காலை ஆறு மணிக்குள் சித்திரை வீதிக்கு வந்துவிடுங்கள். பழைய மதுரை, கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர். கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள், மதிலை ஒட்டிச் சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதன் பிறகு மாசி வீதிகள், கடைசியாகப் பழைய கோட்டை இருந்த எல்லையில் வெளி வீதிகள். சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில்தான் ஓடுகிறது என்பதை இங்கேயே நினைவில் கொள்ளுங்கள். தேர் பார்க்க வருபவர்கள் பலர் தவறான வீதியில் காத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே ‘மேல’ என்றால் மேற்கு, ‘கீழ’ என்றால் கிழக்கு. ஆங்கிலப் பலகைகளை மட்டுமே படித்துப் பழகியிருந்த எனக்கு, ஆட்டோ ஓட்டுநர் ‘மேலமாசி’ என்றதும் அது மேற்கு மாசி வீதி என்பது விளங்கவே இரண்டு நாட்கள் ஆயின.

இரண்டாம் படி: கோயிலுக்குள் செல்வதும், சரியான வாசலில் வெளியே வருவதும்

நான் இடறியது இந்தப் படியில்தான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நிகழ்ந்த பிறகு, கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதற்குத் தடை வந்தது. கைப்பேசியையும் செருப்பையும் வாசலில் ஒப்படைத்து டோக்கன் பெற்றுக்கொள்ள வேண்டும். முதல் முறை சென்றபோது அவற்றைக் கிழக்கு வாசலில் கொடுத்துவிட்டு, சன்னிதிகளையும் பொற்றாமரைக் குளத்தையும் பார்த்த நிறைவில், நான் மேற்கு வாசல் வழியாக வெளியேறிவிட்டேன். கையில் வரைபடம் இல்லை, காலில் செருப்பும் இல்லை. நண்பகல் வெயிலில் கொதித்த கல் தரையில் பாதி ஊர்வலம் வந்த பிறகே என் பொருட்கள் கிடைத்தன.

ஆகவே நுழைவதற்கு முன் எந்த வாசல் என்பதை டோக்கனின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். கோபுரங்களை அடையாளம் காணவும் கற்றுக்கொள்ளுங்கள்: நான்கிலும் உயரமானது தெற்குக் கோபுரம், வடக்குக் கோபுரத்தில் சுதைச் சிற்பங்கள் குறைவு, ஊரார் அதை மொட்டைக் கோபுரம் என்பார்கள். இந்த இரண்டும் பிடிபட்டால் மற்ற இரண்டும் தாமாகவே தெளிவாகும். கைப்பேசி வரைபடத்தைவிட, ஐந்து சதுரங்களை வரைந்து மடித்து வைத்த ஒரு தாளே எனக்கு இந்த ஊரில் அதிகம் உதவியது.

மூன்றாம் படி: நடை சாத்தியிருக்கும் நேரத்தைப் பயன்படுத்துங்கள்

நண்பகலுக்குப் பின் கோயில் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணி அளவில்தான் திறக்கப்படும். அந்த இடைவேளையில் மேலமாசி வீதிக்குச் செல்லுங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது இந்த வீதியில் உள்ள ஒரு வீட்டில்தான். இன்று அதன் கீழ்த்தளத்தில் கதர்க் கடை இயங்குகிறது. அங்கிருந்து தெற்குமாசி வீதி வழியாகத் தென்கிழக்கு மூலைக்கு நடந்தால் விளக்குத்தூண் வரும். வெயிலுக்கு ஜிகர்தண்டாவை அங்கே குடிப்பதே சரி. பாலும் கடற்பாசியும் நன்னாரியும் சேர்ந்த அந்தக் குளிர்ச்சி வேறு எந்தப் பானத்திலும் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து.

சற்றுத் தொலைவில் 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. நாம் இன்று காண்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதி மட்டுமே என்பதை அறிந்துகொண்டு அந்தத் தூண்களின் கீழே நின்று பாருங்கள்.

நான்காம் படி: ஆற்றுக்கு வடகரை

வைகையைக் கடந்தால், ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம் உள்ளது. குழந்தைகள் உடன் வந்தால் அருகில் உள்ள ராஜாஜி சிறுவர் பூங்காவில் ஒரு மணி நேரம் விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: மாலையில் தெப்பக்குளம்

காமராசர் சாலை வழியாகக் கிழக்கே செல்லுங்கள். வழியில் வரும் காந்தி பொட்டல், புதிய உடையுடன் காந்தியடிகள் மக்கள் முன் தோன்றிய இடம். அதையும் தாண்டினால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே இந்தக் குளமாயிற்று என்றும், தோண்டியபோது கிடைத்தவரே மீனாட்சி அம்மன் கோயிலில் உள்ள முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். நீர் நிறைந்த நாட்களில் நடு மண்டபம் தண்ணீரில் மிதப்பது போலத் தோன்றும். கரையைச் சுற்றி நடப்பவர்கள், கைப்பிடிச் சுவரில் அமர்ந்து பேசுபவர்கள், பருத்திப்பால் குடிப்பவர்கள் என்று மதுரை தன் மாலைப் பொழுதைக் கழிக்கும் இடம் இது. காரை விட டவுன் பஸ்ஸில் வருவதே நல்லது; மாலையில் வண்டி நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் இரண்டாம் நாளுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். ஊருக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைக்குச் செல்லுங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும், மேலே பேச்சிப்பள்ளத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளுடன் தீர்த்தங்கரர் சிற்ப வரிசையும் உள்ளன. மலையில் கடைகள் இல்லை என்பதால் குடிநீரை எடுத்துச் செல்ல வேண்டும். வயதானவர்களை ஆலமர நிழலிலேயே அமர வைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள்; காலை எட்டரை மணிக்குள் இறங்கிவிடுங்கள், அதன் பிறகு பாறையில் கால் வைக்க முடியாது.