பிளக் கறுத்த கதை

மூன்று வாரமாக என் பைக் அடம்பிடித்தது. ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் மட்டும் திக்கித் திணறி அணைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனை முழுக்க அடுப்புக்கரி பூசியதுபோல் உலர்ந்த கறுப்பு, விரலில் ஒட்டியது. இளம்பழுப்பாக இருந்திருக்க வேண்டும். புதியது மாட்டினேன். இரண்டே நாளில் அதுவும் கறுத்தது. அதுவரை சாட்சியைத்தான் தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பிஸ்டன் இறங்கும்போது கலவை உள்ளே வருகிறது; ஏறும்போது அழுத்தப்படுகிறது; பிளக்கின் பொறி பற்றவைக்க, விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது; பிறகு புகை வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், ஒரு சிலிண்டருக்குள் இது நொடிக்கு 25 முறை நடக்கிறது. காற்று குறைந்தால் மிச்சக் கார்பன் கரியாகப் படிகிறது.

ஏர் ஃபில்டரை மாற்றினேன், பயனில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்துவிடக் கை துறுதுறுத்தது. (அதே ஆசையில் முன்பொருமுறை ஒரு ஸ்பிரிங்கைத் தொலைத்தவன் நான்.) நல்லவேளை, முதலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். காற்று நுழையும் வழியை மூடித் திறக்கும் சோக் தகடு பாதி மூடியே நின்றது. கைப்பிடியில் நெம்பினாலும் அசையவில்லை. கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தது.

புதிய கேபிளைச் சிறிது தளர்வு விட்டுக் கட்டினேன். பிளக்கைத் துடைத்து, கையேட்டில் சொன்ன இடைவெளியைச் சரிபார்த்து மாட்டினேன். ஒரு வாரம் கழித்துக் கழற்றிப் பார்த்தேன்: பிஸ்கட் நிறம்.