யாழ்ப்பாணத்தில் கடைசி நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனிலோ பாரிஸிலோ இருந்து ஊருக்கு வந்தவர்களும், வேறெங்கோ போகிற வழியில் நாலைந்து நாள் யாழ்ப்பாணத்தில் தங்கிப் போகிறவர்களும் கடைசி நாளில் விடுகிற பெரிய பிழை கலண்டரில்தான் தொடங்குகிறது. ரிக்கற்றில் 15ஆம் திகதி, 01.15 என்று போட்டிருக்கும். 15ஆம் திகதி இரவு பயணம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி, அதற்கேற்ற மாதிரி வானும் பேசிவிடுவார்கள். உண்மையில் 14ஆம் திகதி இரவு பத்து மணிக்கெல்லாம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்க வேண்டும். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானம் என்றால், பயணப் பொதிகளோடு வீட்டை விட்டு வெளிக்கிடும் திகதியைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். விமானத்தின் திகதி உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அடுத்தது நேரக் கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வவுனியா, அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று வந்தால் கொழும்புக்குள் நுழையாமலே கட்டுநாயக்காவுக்குப் போய்விடலாம். அப்படிப் போனாலும் ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். சாப்பாட்டுக்கும், ரயர் காற்றுப் போனால் சமாளிக்கவும் இன்னொரு இரண்டு மணித்தியாலம் கையில் வேண்டும். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேருவதையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: இரவு ஒரு மணிக்குப் புறப்படும் விமானத்துக்கு மதியம் பன்னிரண்டுக்கே வாசலில் வான் நிற்க வேண்டும். ஆக, கடைசி நாள் என்று நீங்கள் நினைத்திருப்பது ஒரு காலைப்பொழுது மட்டுமே. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மற்றப் பிழைகளில் பாதி தானாகவே நடக்காது.

இதில் ராகுகாலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வழியனுப்ப வரும் அம்மம்மாவுக்கு இருக்கும். புதன்கிழமை பன்னிரண்டுக்கு வெளிக்கிடப் போகிறீர்கள் என்று வையுங்கள். அன்று ராகுகாலம் 12 மணி முதல் 1.30 வரை. வாசலில் நின்றபடி அதைக் கண்டுபிடித்தால் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும், இல்லாவிட்டால் அந்த மனுசியின் மனம் நோகும். முதல் நாளே கலண்டரைப் பார்த்துப் பதினொன்றரைக்கு வெளிக்கிடுவோம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

விமானம் பிடிக்கிற அதே நாளில் ரயிலை நம்ப வேண்டாம். ரயில் உங்களைக் கொழும்புக் கோட்டையில் இறக்கிவிடும். அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு வடக்கே திரும்பவும் முப்பது கிலோமீற்றருக்கு மேல் வர வேண்டும். ரயில்தான் விருப்பம் என்றால் முதல் நாளே போய் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள். காலை விமானம் பிடிப்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். இரவு முழுக்க ஓட்டிக் களைத்த சாரதி, வன்னி வீதியில் படுத்திருக்கும் மாடுகள் என்ற கவலையெல்லாம் அதில் இல்லை.

சரி, அந்தக் காலைப்பொழுதில் என்ன செய்வது? நெடுந்தீவு பார்க்காமல் போவதா என்று கடைசி நாளில்தான் பலருக்கு ஆசை பிறக்கிறது. குதிரைகள், பவளக்கல் வேலிகள், பெருக்குமரம் எல்லாம் பார்க்க வேண்டியவைதான், ஆனால் அன்றைக்கு வேண்டாம். நகரிலிருந்து குறிகட்டுவான் துறைக்கே ஒரு மணித்தியாலம் ஆகும், படகில் இன்னொரு மணித்தியாலம். நாளுக்குச் சில படகுகள்தான் ஓடும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களிலும், வாடைக் காலத்திலும் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. தீவில் அகப்பட்டு நிற்கும்போது கட்டுநாயக்கா விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. நயினாதீவுப் படகுப் பயணம் குறுகியது, என்றாலும் குறிகட்டுவான் வரை போய்த் திரும்புகிற நேரம் அதேதான். தீவுகளை வந்த இரண்டாம் நாளே முடித்துவிடுங்கள்.

கீரிமலைக் கேணியில் கடைசிக் குளிப்பு என்றால், ஈர உடுப்பு பெட்டிக்குள் போகும் என்பதை நினைவில் வையுங்கள். நல்லூருக்குப் போவது நல்லது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். பூசை நேரம் அங்கே நிமிடம் தவறாது, நடை சாத்தியபின் எவ்வளவு கேட்டும் பயனில்லை. ஆவணியை ஒட்டி வரும் 25 நாள் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். நகரத்துக்குள் நிற்க விருப்பம் என்றால் கோட்டையும் பொது நூலகமும் ஒன்றுக்கொன்று நடை தூரம். 1981இல் எரிக்கப்பட்டு 2003இல் மறுபடி திறந்த அந்த நூலகத்தை வெளியே நின்று பார்ப்பதே ஒரு காலைப்பொழுதுக்குப் போதுமான காரியம்.

சாப்பாட்டில் நடப்பது இன்னொன்று. ஒடியற்கூழும் நண்டுக் கறியும் கடைசி நாளுக்கென்று தள்ளிவைப்பார்கள். அன்று வெள்ளிக்கிழமையாகிவிட்டால் பல சைவ வீடுகளில் மீன், இறைச்சி போன்ற மச்சம் சமைக்கமாட்டார்கள், கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தவும் கூடாது. வேறு கிழமை என்றாலும், உறைப்பான கூழைக் குடித்துவிட்டு எட்டு மணித்தியாலம் வானிலும் அதற்கு மேல் விமானத்திலும் இருப்பது வயிற்றுக்குச் செய்கிற அநியாயம். கூழை இரண்டு நாள் முந்திக் குடியுங்கள். கடைசிக் காலைக்கு இடியப்பமும் சொதியும் போதும்.

பெட்டி கட்டுவதில்தான் அதிகம் சறுக்குகிறது. மாமி தருகிற நெல்லிரசப் போத்தல், நல்லெண்ணெய், ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கில் வரும். கைப்பையில் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேல் போகாது, பெரிய பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே வையுங்கள். மிளகாய்த்தூளையும் அதிலேயே போடுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகியவைக்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு. இறைச்சியும் நெய் போன்ற பால் பொருட்களும் அதே நாடுகளில் தடை. கருவாடு அங்கே 20 கிலோ வரை போகும், ஆனால் மணம் வெளியே வராமல் மூன்று பைகளில் கட்டுங்கள். அவுஸ்திரேலியா போகிறவர்கள் புழுக்கொடியல், பனாட்டு போன்ற பனம் பண்டங்கள் உட்பட எல்லாச் சாப்பாட்டுச் சாமானையும் படிவத்தில் காட்ட வேண்டும். காட்டினால் அதிகம் போனால் பறிமுதல்தான், மறைத்தால் பெரிய தண்டம்.

உறவினர் "என்ர மகளுக்கு இதைக் குடு" என்று நீட்டுகிற, ஒட்டிய பார்சலைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். மரியாதைக் குறைவாகத் தெரியுமே என்று கூச்சப்பட வேண்டாம். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று விமான நிலையத்தில் கேட்டால் உண்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். "பெட்டிக்குள் அடுக்க வேண்டும் மாமி, பிரிச்சுத் தாங்கோ" என்று சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள். பழைய வீட்டிலிருந்து எடுக்கும் ஏட்டுச்சுவடி, வெண்கலச் சிலை போன்றவற்றில் இன்னும் கவனம் தேவை. 50 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருட்களை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அந்த அனுமதி கடைசி நாளில் எடுக்கிற விசயமும் அல்ல.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்து அங்கிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று: இரண்டு விமானத்துக்கும் தனித்தனி ரிக்கற் என்றால், சென்னையில் குடிவரவு கடந்து பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும். அதற்கு இந்திய விசா வேண்டும். இது இல்லாமல் பலாலியிலேயே திருப்பி அனுப்பப்பட வாய்ப்புண்டு.

உறவினர் வீடுகளுக்குச் சொல்லிக்கொள்ளப் போவதை மட்டும் கடைசிக் காலைக்கு விட்டுவைக்காதீர்கள். பத்து வீட்டுக்கும் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டால், ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள். முடிவில் வயதான பெரியம்மாவுக்குத்தான் வாசலில் நின்று கையசைத்துவிட்டுப் போவீர்கள். அடுத்த முறை வரும்போது அவர் இருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. மற்ற வீடுகளை இரண்டு நாள் முன்பே முடித்து, அந்தக் காலையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். படம் எடுப்பதை விட்டு அவரோடு இருந்து கதையுங்கள், கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு.

வழியில் முறிகண்டியில் சாரதி எப்படியும் நிறுத்துவார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்க இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடத்தையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்துவிடுங்கள்.