கிளார்க் கீ கோடவுனும் நம் கிடங்கும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் மூலத்தைத் தேடும் முறை

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கிளார்க் கீ பக்கம் நடந்தால், இன்று உணவகங்களாக இயங்கும் பழைய சரக்குக் கட்டடங்களைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அவற்றுக்குக் 'கோடவுன்' என்று பெயர். அந்த ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, சொல்லின் மூலத்தைத் தேடும் முறையைப் புதியவர்களுக்காக விளக்குகிறேன். சொற்பிறப்பு விவரம் தரும் ஆங்கில அகராதி ஒன்றும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் இருந்தால் போதும். பேரகராதியை இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம்.

முதற்படி: பொருளுக்குப் பெயரான சொல்லைத் தேர்ந்தெடுங்கள். உணவு, மரம், படகு, துணி போன்றவை வணிகர்களோடு பயணம் செய்தவை என்பதால், அவற்றின் பெயர்கள் வந்த தடமும் ஓரளவு தெளிவாக இருக்கும்.

இரண்டாம் படி: ஒலியைக் கேட்டதும் மனத்தில் தோன்றும் விளக்கத்தை எழுதிவைத்துவிட்டு, அதை நம்பாமல் தேடத் தொடங்குங்கள். 'கோ', 'டவுன்' என்று பிரித்து, கீழே இறங்கிச் செல்லும் நிலவறை என்று இச்சொல்லுக்குப் பொருள் சொன்னவர்கள் உண்டு. அயல்மொழிச் சொல்லைத் தமக்குப் பழகிய சொற்களின் வடிவில் கேட்பது எல்லா மொழியினருக்கும் உள்ள இயல்பு.

மூன்றாம் படி: அகராதியில் சொற்பிறப்புப் பகுதியைப் படிக்கும்போது, ஆங்கிலத்துக்குச் சொல்லைக் கொடுத்த மொழி எது, அந்த மொழிக்கு அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். கோடவுனுக்கு அகராதிகள் முதலில் காட்டுவது மலாய் மொழியின் 'குடாங்'. அதற்கும் பின்னால் தெலுங்கின் 'கிட்டங்கி', தமிழின் 'கிடங்கு' ஆகியவற்றைக் காட்டுகின்றன. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் நடத்திய இடங்களுக்குக் 'கிட்டங்கி' என்றே பெயர் இருந்தது. ஒரே சொல் குடும்பத்தின் இரு வடிவங்கள், ஆங்கிலேயர் வாயில் ஒன்றும் செட்டியார்கள் வாயில் ஒன்றுமாக, இந்தச் சிறிய தீவில் அருகருகே வழங்கியிருக்கின்றன என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

நான்காம் படி: மூலமொழி என்று சொல்லப்படும் மொழியில் அச்சொல்லுக்கு உறவினர் இருக்கிறார்களா என்று பாருங்கள். தமிழில் 'கிட' என்னும் வினை இருக்கிறது. கிடை, கிடக்கை ஆகியவை அதனோடு உறவுடையவை. பழைய இலக்கியத்தில் கிடங்கு என்பது கோட்டையைச் சூழ்ந்த அகழியையும் குறித்தது என்பதால், பொருள் மாறிய வரலாற்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: சொல் பயணம் செய்த வழியைச் சரிபாருங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கியிருக்கிறேன். 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் நம் 'காசு' என்று பல ஆண்டுகள் பிறரிடம் சொல்லிவந்தேன். அகராதியைத் திறந்து பார்த்தபோது, ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட இரண்டு சொற்கள் தனித்தனிப் பதிவுகளாக இருந்தன. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் இலத்தீன் 'காப்சா'விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பணப்பெட்டியின் பெயர் நாளடைவில் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறுமதிப்பு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு கேஷ்தான் தமிழ்க் காசு. அது போர்ச்சுகீசிய 'காய்ஷா' வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ஆகவே ஒலியும் பொருளும் ஒத்திருந்தாலும், சொல் பயணம் செய்த வழி தெரியும்வரை முடிவு கட்டாதீர்கள். தமிழின் பெருமைக்காகச் சொல்லப்படும் பிழையான மூலம், உண்மையாகவே தமிழிலிருந்து சென்ற சொற்களின் மீதும் ஐயத்தை உண்டாக்கிவிடுகிறது.

ஆறாம் படி: அகராதி 'இருக்கலாம்' என்று எழுதியிருந்தால் உங்கள் குறிப்பிலும் 'இருக்கலாம்' என்றே எழுதுங்கள். கெட்சப் என்னும் சொல் ஹொக்கியன் என்னும் சீன மொழியின் மீன்சாற்றுப் பெயரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஆனால் மலாய் 'கிச்சாப்' வழியாக வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

இறுதியாக, சொல் தாய்மொழிக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கோடவுன் திரும்பியிருக்கிறது: இன்று தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் சரக்கு வைக்கும் இடத்தைக் 'குடோன்' என்கிறார்கள். இதே வரிசையில் அடுத்து 'கேட்டமரான்', 'ஷெரூட்' ஆகிய இரண்டையும் நீங்களே தேடிப் பாருங்கள். கட்டுமரமும் சுருட்டும் எந்த வழியாகப் போயின என்பதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.