ஒளிரும் வாளுக்குப் பற்றரி வாங்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

மட்டக்களப்புக் கூத்துக்கு மரவாளே போதும் என்று சொல்லும் அண்ணாவிமார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான்கள், இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட நான் வரவில்லை. ஆனால் பாடசாலை நாடகம், தமிழ் மொழித் தினப் போட்டி என்று மேடை கிடைத்தால் எல்இடி பதித்த வாளோடு ஏற ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் குறைவில்லை. வாளின் அலகை அழகாகவே செய்துவிடுகிறார்கள். கெடுவது கைப்பிடிக்குள். கடையில் "எத்தனை வோல்ட்?" என்று கேட்டு வாங்குகிறார்களே தவிர, எத்தனை அம்பியர் வேண்டும், எத்தனை நிமிடம் எரிய வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

அடிக்கடி காணும் தவறு 9 வோல்ட் சதுரப் பற்றரி. கைப்பிடிக்குள் அடங்கும் என்பதற்காக அதை வாங்கி, முச்சக்கர வண்டிக்கு ஒட்டும் 12 வோல்ட் எல்இடி பட்டியோடு இணைக்கிறார்கள். அந்தப் பட்டியில் மூன்று எல்இடிகளும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு தடையியும் தொடராகச் சேர்ந்தது ஒரு துண்டு. வெள்ளை எல்இடி ஒன்றுக்கே ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கும் 9 போய்விட்டால் தடையிக்கு என்ன மிஞ்சும்? வெளிச்சம் மங்கிவிடுகிறது. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும் என்பதால் அதே பற்றரியில் சிவப்புப் பட்டி ஒளிரும். வெள்ளைப் பட்டிதான் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவது இதனால்தான். வோல்ட் ஒருபுறம் இருக்க, அந்தச் சதுரப் பற்றரியின் கொள்ளளவு, அதாவது அதில் சேர்ந்திருக்கும் மின்னின் அளவு, 500 மில்லி அம்பியர் மணி அளவே, உள்ளகத் தடையும் அதிகம். அரை அம்பியர் கேட்டாலே துவண்டுவிடும்.

கணக்கைப் பட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பட்டியின் வகையை அதிலுள்ள எல்இடியின் அளவைக் குறிக்கும் எண்ணால் சொல்வார்கள். மீற்றருக்கு 60 எல்இடி உள்ள 5050 வகைப் பட்டி, மீற்றருக்கு 14.4 வாட் இழுக்கும். அதே எண்ணிக்கையில் 2835 வகை பெரும்பாலும் 4.8 வாட்டுடன் நின்றுவிடும். இங்கே நமது ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கூத்தாடும் வட்டமான அரங்காகிய வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பட்டி ஒட்டினால் பாதிப் பேருக்கு வாளின் இருண்ட முதுகுதான் தெரியும். ஆகவே இருபுறமும் ஒட்ட வேண்டும். 80 சென்ரிமீற்றர் அலகுக்கு 1.6 மீற்றர் பட்டி என்றால், 5050 வகை 12 வோல்ட்டில் 1.9 அம்பியர் கேட்கும். 2835 வகைக்கு 0.64 அம்பியர் போதும். இருட்டிய களரிக்கு இரண்டாவதே தாராளம். முதலாவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது நேரம். கூத்து விடியவிடிய நடந்தாலும் வாள் விடியவிடிய எரிய வேண்டியதில்லை. சண்டைக் கட்டங்களைக் கூட்டினால் எத்தனை நிமிடம் வரும் என்று அண்ணாவியாரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். அதன் இரண்டு மடங்குக்குப் பற்றரி இருந்தால் போதும்.

சாதாரணப் பென்ரோச் (AA) பற்றரி எட்டை அடுக்கி 12 வோல்ட் எடுக்கலாம். ஆனால் கிட்டத்தட்ட 180 கிராம் பாரம் கைப்பிடியில் ஏறும். எரிய எரிய வோல்ட்டும் வெளிச்சமும் இறங்கிக்கொண்டே போகும். அதே பெட்டியில் மீள்மின்னேற்றும் நிக்கல் பற்றரிகளைப் போட்டால் ஒன்றுக்கு 1.2 வீதம் 9.6 வோல்ட்தான் வரும். பழைய மங்கல் திரும்பவும் வந்துவிடும்.

லித்தியம் 18650 செல்லே பலருடைய தெரிவு. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், ஏறத்தாழ 45 கிராம். உறையில் கொள்ளளவு 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நல்ல செல்லே 3500 மில்லி அம்பியர் மணிக்கு அண்மையில்தான் நிற்கும். மூன்றைத் தொடராக வைத்தால் முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட், பட்டிக்கு ஏற்றது. ஆனால் நேர்வரிசையில் 195 மில்லிமீற்றர் வரும். ஒரு கைப்பிடிக்கு அது நீளம். ஒரே செல்லோடு வோல்ட்டை உயர்த்தும் சிறு பலகை வைப்பது இன்னொரு வழி. இங்கேதான் வோல்ட் கணக்கு மறுபடியும் ஏமாற்றும். 12 வோல்ட்டில் 0.64 அம்பியர் வெளியே வர வேண்டுமானால், வீணாகும் சக்தியையும் சேர்த்துச் செல்லிலிருந்து ஏறத்தாழ 2.5 அம்பியர் போக வேண்டும். பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் அம்பியர் பல நேரம் உச்ச அளவு; தொடர்ந்து அதைத் தாங்காது. ஐந்து நிமிடம் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாவிட்டால் அந்தப் பலகை வேண்டாம்.

பழுதான வீட்டு எல்இடி பல்பைக் கழற்றி அதற்குள் எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் சுற்றை எடுப்பது பெரிய மடமை. அது 230 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. பற்றரியில் வேலை செய்யாது. பலவற்றில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மின்பிரிப்பே கிடையாது. ஒருமுறை பார்ப்போம் என்று பிளக்கில் செருகினால் வாளைப் பிடித்திருக்கும் கைக்கு மின்சாரம் பாயலாம்.

பட்டி வேண்டாம், கைப்பிடிக்குள் ஒரே 3 வாட் எல்இடியை வைத்து அலகாக உள்ள குழாயை ஒளிரவைப்போம் என்பவர்களுக்கு மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும் டிரைவர் தேவை. தடையி மட்டும் போட்டால், முழுச் செல்லில் 4.2 வோல்ட் இருக்கும்போது அளவுக்கு மீறி எரிந்து, செல் இறங்க இறங்க ஒளி சட்டென்று விழும். அலுமினியத் தட்டில் பொருத்தாத 3 வாட் எல்இடி சூட்டிலேயே கருகும். சிறு எல்இடிகளைச் சமாந்தரமாக இணைத்து எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே தடையி போடுவதும் தவறு. ஒன்று கூடுதலாக இழுத்து முதலில் போகும், பிறகு மற்றவை வரிசையாகப் போகும்.

நிறம் மாற்றும் 5 வோல்ட் பட்டிகளில் ஒவ்வொரு எல்இடியும் முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும்; அறுபது இருந்தால் 3.6 அம்பியர். மின்சாரத்தை ஒரு முனையில் மட்டும் கொடுத்தால் வாள் நுனி செம்மஞ்சளாக மாறும். இரு முனையிலும் கொடுங்கள். கறுப்பு நிறம் கொடுத்து அணைத்துவிட்டதாக எண்ணவும் கூடாது; அப்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆளியால் முற்றாகத் துண்டிக்க வேண்டும்.

லித்தியம் செல்லுக்கு, அளவுக்கு மீறி மின்னேறவோ இறங்கவோ விடாத பாதுகாப்புச் சுற்று கட்டாயம். நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஓர் உருகியும் (பியூஸ்) வேண்டும். ஒரு செல்லுக்கான சார்ஜர் பலகையால் தொடரில் உள்ள மூன்றுக்கும் மின்னேற்ற முடியாது. பழைய மடிக்கணினியிலிருந்து உருவிய செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அதற்கு உயிர் கொடுக்க முயல வேண்டாம். செல்லின் மேல் நேரடியாக ஈயத்தை உருக்கி வயரை ஒட்டவும் கூடாது, தகடு பொருத்திய செல்லாக வாங்குங்கள்.

சுருள்கம்பி வைத்த மலிவான பற்றரிப் பெட்டி வீச்சில் ஒரு கணம் தொடர்பு விட்டுவிடும். பார்வையாளருக்கு அது மின்னலாகத் தோன்றினாலும், நிறம் மாற்றும் வாளில் சுற்று மறுபடி தொடக்கத்திலிருந்து இயங்கும். ஒற்றைக்கம்பி வயர் அலகும் பிடியும் சேரும் இடத்தில் முறியும். பல இழை வயரே நல்லது. இதையெல்லாம் அரங்கேற்றத்தன்று கண்டுபிடிக்கக் கூடாது. அரங்கேற்றத்துக்கு முன் ஒத்திகையாக அடுக்குப் பார்க்கும் நாளில் வேகமான ஆட்டத்தோடு முழு நேரமும் எரியவிட்டுப் பாருங்கள்.

சிறு பிள்ளைகளின் விளையாட்டு வாளில் நாணயப் பற்றரி இருந்தால் மூடியைத் திருகாணியால் பூட்டுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வைகாசிச் சடங்கு முடிந்து வாளைப் பரணில் போடும்போது செல்லைக் கழற்றி, பாதி மின்னேற்றத்தில், 3.7 அல்லது 3.8 வோல்ட்டில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். கடலோரத்து உப்புக்காற்றில் தொடுமுனைகளில் பச்சை பிடிக்கும். அடுத்த முறை செல்லைப் போடுமுன் அவற்றை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுங்கள்.