பில்லிங் சாஃப்ட்வேரில் புது வசதி கேட்பது எப்படி

ஈரோட்டில் ஒரு பைப் கடையில் கணக்கு பார்க்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதுதான் எங்கள் கடைக்கு சாஃப்ட்வேரும் வந்தது. "நாம் ஒன்று கேட்டால் அவர்கள் ஒன்று செய்து தருகிறார்கள்" என்று வருத்தப்படும் கடைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒருநாள் சாஃப்ட்வேர் செய்து தரும் தம்பிக்கு போன் போட்டு, "ரிட்டர்ன் போட ஒரு வசதி வேணும்ப்பா" என்றேன். "சரிக்கா" என்றார். மூன்று வாரம் கழித்து, மாதக் கணக்கை, விற்பனையை அரசாங்கத்துக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குத் தோதாக அடுக்கித் தரும் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினார். அந்த வேலையை எங்கள் ஆடிட்டரே பார்த்துக்கொள்கிறார். நான் கேட்டது திரும்பி வரும் சரக்குக்கு. கடையில் ரிட்டர்ன் என்றால் அதுதான். அவருக்கு ரிட்டர்ன் என்றால் அரசாங்கத்துக்குப் போடுவது. மூன்று வாரம் ராத்திரி பகலாக உழைத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து நான் பட்டன் கேட்பதில்லை, கடையில் நடந்ததை எழுதி அனுப்புகிறேன். அன்று எழுதியது இது (எல்போ என்பது பைப் திரும்பும் இடத்தில் மாட்டும் மூட்டு):

"செவ்வாய்க்கிழமை ஒரு பிளம்பர் முக்கால் இஞ்ச் எல்போ 10 வாங்கினார். வெள்ளிக்கிழமை 3 திருப்பிக் கொடுத்தார். பணம் கொடுத்துவிட்டேன். ஸ்டாக்கில் 3 ஏற வேண்டும், அதற்குரிய வரி குறைய வேண்டும். இப்போது நோட்டில் எழுதி வைத்து மாதக் கடைசியில் சரிசெய்கிறேன். வாரத்துக்கு ஏழெட்டு தடவை இப்படி வரும்."

நீங்களும் இப்படி எழுதுங்கள். யார், என்ன, எத்தனை, இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள், எத்தனை தடவை நடக்கிறது, இவ்வளவு இருந்தால் போதும். பழைய பில் நம்பரைப் போட்டால் கிரெடிட் நோட், அதாவது திரும்பிய சரக்கின் தொகையையும் வரியையும் கழித்துக் காட்டும் சீட்டு, வரும்படி நான்கே நாளில் செய்து கொடுத்தார்.

அதற்கு முன்னால் பழைய பில்லையே திருத்தக் கேட்டிருந்தேன். "முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டார், எனக்குக் கோபம். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போய்விடுகிறது. வாங்கியவர் ஜிஎஸ்டி எண் உள்ளவர் என்றால் அந்த பில் அவர் கணக்கிலும் ஏறிவிடும். நம் கம்ப்யூட்டரில் மாற்றினால் அங்கே மாறாது. "முடியாது" என்றால் காரணத்தைக் கேளுங்கள், வேறு வழி அதிலேயே கிடைக்கும்.

"ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம், எந்த நேரம், எத்தனை விநாடி என்று சொல்லுங்கள். போட்டோ எடுத்தால் முழுத் திரையும் விழட்டும்.

முடிந்தால் அவரை ஒரு காலை நேரம் பில் போடும் இடத்தில் உட்கார வையுங்கள். எங்கள் தம்பி வந்த அன்று, நான் ஆளைத் தேடும் விதத்தைப் பார்த்துவிட்டு, "பேரைப் போட மாட்டீங்களாக்கா?" என்றார். எங்களிடம் செல்வம் என்று ஐந்து பேர் வாங்குகிறார்கள். எதிரே நிற்பவரிடம் போன் நம்பரின் கடைசி நான்கு எண்ணைக் கேட்டு, நோட்டில் பார்த்து, அப்புறம்தான் பெயரைத் தட்டுவேன். எனக்குப் பழகிப்போனதால் அதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை. அந்த நான்கு எண்ணிலேயே தேடும்படி மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம், போனில் வரும் "சரி"யை நம்பி வைத்துவிடாதீர்கள். "காதில் விழுந்தது" என்பதற்கும் சரிதான், "செய்கிறேன்" என்பதற்கும் சரிதான். என்ன புரிந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள், பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

செய்து கொடுத்ததும் நேற்றைய நிஜ பில்லை வைத்துப் பாருங்கள். 5 சதவீதம் தள்ளுபடி போட்ட பில்லில் மூன்று எல்போ திரும்பினால், தள்ளுபடி போன விலையில்தான் கழிய வேண்டும். எங்களுக்கு முதலில் முழு விலையில் கழிந்தது. அந்த பில்லையும் வர வேண்டிய தொகையையும் எழுதி அனுப்பினேன், மறுநாளே சரியானது.