ஒரு எட்சிங் தாள் யார் யார் கை மாறியது? தேடி எழுதும் முறை

அமெரிக்க ஓவியர் விஸ்லரின் ‘நாக்டர்ன்’ (இரவுக் காட்சி) எட்சிங்கை எடுத்துக்கொள்வோம். வெனிஸ் நகரம், இருட்டும் நேரம், நீர்ப்பரப்பில் ஒரு பாய்மரக் கப்பல், தூரத்தில் சான் ஜோர்ஜியோ தேவாலயம். கோடுகள் மிகக் குறைவு. 1879-இல் திவாலாகி நின்ற ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லரிடம் 12 எட்சிங் செய்து தரச் சொல்லி, லண்டனின் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற கலை விற்பனைக்கூடம் அவரை வெனிசுக்கு அனுப்பியது. மூன்று மாதத்தில் திரும்ப வேண்டியவர் 14 மாதம் தங்கிவிட்டார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் இது.

தேடத் தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மையைத் தேய்த்து, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பதுதான் எட்சிங். ஒரே தகட்டிலிருந்து பல தாள்கள் வரும். இந்தத் தொகுப்புக்கு 100 பிரதிகள் என்று திட்டம். ஆகவே நாம் எழுதப்போவது ‘நாக்டர்ன்’ என்ற படத்தின் வரலாறு அல்ல, ஒரு குறிப்பிட்ட தாளின் வரலாறு. நான் முதன்முதலில் இப்படி எழுதியபோது, படத்தின் பெயர் வந்த கண்காட்சிகள் எல்லாவற்றையும் ஒரே தாளின் கணக்கில் சேர்த்துவிட்டேன். பிறகு பாதிக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தது.

படி 1: எண்ணைக் கண்டுபிடியுங்கள்

பெயரை மட்டும் நம்பாதீர்கள். விஸ்லர் ‘நாக்டர்ன்’ என்று தொடங்கும் பெயரை வேறு படங்களுக்கும் வைத்திருக்கிறார். விஸ்லரின் எட்சிங்குகளுக்கு எண்ணிட்டு 1910-இல் வந்த கென்னடியின் பட்டியலில் நம் படத்தின் எண் 184. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் விஸ்லரின் எட்சிங்குகளுக்கு வைத்திருக்கும் இணையப் பட்டியலும் இலவசம். எந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்பதுகூட அதில் உண்டு.

படி 2: தாளைப் பாருங்கள்

அவசரம் வேண்டாம், இங்கேதான் பாதி வேலை. முதலில் கீழ் விளிம்பு. அந்தக் காலத்தில் விஸ்லர் தாளைத் தகட்டின் விளிம்பு வரைக்கும் வெட்டிவிடுவார். கீழே நாக்கு மாதிரி ஒரு சிறு துண்டை மட்டும் விட்டுவைப்பார். அதில் பென்சிலால் வண்ணத்துப்பூச்சி வடிவக் கையொப்பம், பக்கத்தில் ‘இம்ப்.’ என்ற சுருக்கம். லத்தீனில் ‘அச்சிட்டார்’ என்று பொருள். அதாவது, இந்தத் தாளை அவரே அச்சிட்டிருக்கிறார்.

அடுத்தது மையின் படலம். மற்றவர்கள் தகட்டை நன்றாகத் துடைப்பார்கள். விஸ்லர் இந்தப் படத்தில் மெல்லிய மைப்படலத்தை அப்படியே விட்டார். கோடுகள் அதேதான், ஆனால் ஒரு தாளில் அந்தி வெளிச்சம் தெரியும், இன்னொன்றில் நள்ளிரவு. இது அழகுக்கு மட்டும் இல்லை, அடையாளத்துக்கும் உதவும். பழைய ஏலப் பட்டியலில் புகைப்படம் கிடைத்தால், மை எங்கே திட்டாக நிற்கிறது, எங்கே வழித்திருக்கிறது என்று உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் தாளைத் திருப்புங்கள். சிறிய முத்திரை இருந்தால் அது சேகரிப்பாளர் ஒருவருடையது. ஃப்ரிட்ஸ் லுக்ட் என்ற டச்சுக்காரர் 1921-இல் இத்தகைய முத்திரைகளைத் திரட்டி எண்ணிட்டு வெளியிட்டார். இன்று அதை இணையத்திலேயே தேடலாம். பென்சிலில் கிறுக்கியதுபோல் எண்கள் இருந்தால் அழிக்கவே கூடாது. அவை பெரும்பாலும் விற்பனையாளர்களின் இருப்பு எண்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியையும், அதாவது தாள் செய்யும்போதே அதில் பதிந்த அடையாளத்தையும், பாருங்கள். விஸ்லர் பழைய டச்சுத் தாள்களைத் தேடித்தேடி வாங்கியவர்.

படி 3: கண்காட்சிகள்

இந்தப் பன்னிரண்டும் முதலில் காட்சிக்கு வந்தது 1880 டிசம்பரில், ஃபைன் ஆர்ட் சொசைட்டியில். உங்கள் தாளும் அங்கே தொங்கியதா? எளிதில் ஆம் என்று சொல்லிவிட முடியாது. 100 பிரதிகளை அச்சிடும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. பிற்பாடு அச்சான தாள் அந்தச் சுவரில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

1883 பிப்ரவரியில் அதே இடத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக அறையை அலங்கரித்து 51 எட்சிங்குகள் காட்டப்பட்டன. அதே ஆண்டு நியூயார்க்கிலும் காட்சி நடந்தது. விஸ்லர் 1903-இல் இறந்தபின் பாஸ்டனில் 1904-இலும், லண்டனிலும் பாரிசிலும் 1905-இலும் நினைவுக் கண்காட்சிகள். ஒவ்வொன்றின் கையேட்டையும் திறந்து, உங்கள் படம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள். கையேட்டில் இரவல் கொடுத்தவர் பெயர் இருந்தால் அது பெரிய பிடி. கண்காட்சி வரலாறும் உடைமை வரலாறும் ஒன்றையொன்று தொடும் இடம் அது.

படி 4: வரிசையாக எழுதுங்கள்

பழைய உடைமையாளரில் தொடங்கி இன்று வரை வாருங்கள். ஒருவரிடமிருந்து நேரடியாக அடுத்தவருக்குப் போனது உறுதி என்றால் நடுவே அரைப்புள்ளி. இடையில் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் முற்றுப்புள்ளி. பல அருங்காட்சியகங்கள் பின்பற்றும் வழக்கம் இது. ‘ஃபைன் ஆர்ட் சொசைட்டி, லண்டன்; தனியார், பெயர் தெரியவில்லை. ஏலம், லண்டன், இன்ன ஆண்டு, இன்ன லாட் எண் (ஏலப் பட்டியலில் அந்தப் பொருளின் எண்)’ என்ற மாதிரி. அந்த முற்றுப்புள்ளியைப் பார்த்ததுமே, இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஊகத்தால் அதை நிரப்பாதீர்கள். 1933 முதல் 1945 வரை இடைவெளி விழுந்து, தாள் ஐரோப்பாவில் இருந்திருக்கலாம் என்றால் கூடுதலாகத் தேட வேண்டும். நாஜிகள் பறித்த உடைமைகளில் இதுபோன்ற அச்சுத் தாள்களும் உண்டு.

கையில் தாள் இல்லாதவர்களும் பழகலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், ஹோவர்ட் மான்ஸ்ஃபீல்டின் விஸ்லர் சேகரிப்பை 1917-இல் வாங்கியது. அங்கே பதிவு எண் 17 என்று தொடங்கினால் அந்த ஆண்டு வந்தது என்று பொருள். சிகாகோ கலைக் கழகத்தின் விஸ்லர் தாள்கள் பலவும் பிரையன் லாத்ரப் சேர்த்தவை. இரண்டு தளங்களிலும் ‘நாக்டர்ன்’ படத்தைத் தேடி, பக்கத்தில் பக்கத்தில் திறந்து பெரிதாக்குங்கள். கப்பலுக்குக் கீழே தண்ணீரில் மை எப்படிப் படிந்திருக்கிறது என்று ஒப்பிட்டு, இரண்டு தாளுக்கும் இரண்டு தனி வரிசை எழுதத் தொடங்குங்கள்.