வாளித் தண்ணீரில் தொடங்குங்கள்: குளிர்நீர்க் குளியல் பழகுவோருக்கு

மயிலாடுதுறையில் ஐப்பசிக் கடைமுழுக்குக்குக் காவிரியில் இறங்கும்போது, என் பெரியப்பா ஒருநாளும் இறங்கியவுடன் தலைமுழுகியதில்லை. முழங்காலளவு நீரில் நின்று, கையால் அள்ளி முகத்திலும் மார்பிலும் தெளித்துக்கொண்டு, மூச்சு சீரான பிறகே முங்குவார். குளிர்நீர்க் குளியலைப் பழக விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது அந்த நிதானத்தைத்தான்.

குளிர்ந்த நீர் திடீரென உடம்பில் பட்டதும் நம்மை அறியாமலே மூச்சு வெடுக்கென உள்ளே இழுக்கப்படும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்தைத் தொடும் இந்த அதிர்ச்சி, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும். ஆனால் அந்த மூச்சு வரும் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால், தேர்ந்த நீச்சல்காரரும் தண்ணீரைக் குடித்து மூழ்க நேரிடும். ஆகவே ஆற்றையும் குளத்தையும் விட்டு, வாளியும் சொம்புமாகவே தொடங்குங்கள். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் தொல்லை ஆகியவை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

முதல் படி, தண்ணீர். நம் டெல்டாவில் போர் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. மாடித் தொட்டியிலோ வெயிலில் சூடேறிவிடும். முதல் வாரத்துக்கு விடியற்காலைப் போர் தண்ணீரே போதும். அதன் பிறகு, அரை லிட்டர் பாட்டில்கள் மூன்றில் தண்ணீரை உறையவைத்து, 28 டிகிரியில் உள்ள 20 லிட்டர் வாளியில் மிதக்கவிட்டால், பனிக்கட்டி முழுவதும் உருகும்போது நீர் ஏறத்தாழ 20 டிகிரிக்கு இறங்கும். வீட்டில் பழகுவோருக்கு இதற்குமேல் குளிர்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து.

இரண்டாம் படி, ஊற்றும் முறை. வீட்டில் ஒருவர் இருக்கும் நேரத்தில், கதவைத் தாழிடாமல், முதல் சொம்பைப் பாதத்திலும் அடுத்ததை முழங்காலிலும் ஊற்றுங்கள்; பிறகு கை, தோள், மார்பு, கடைசியாகத் தலை. ஒவ்வொரு சொம்புக்கும் வாயால் மெல்ல மூச்சை வெளியே விடுங்கள். மூச்சு இரைத்தால், சீராகும்வரை அடுத்த சொம்பை எடுக்காதீர்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு அடக்கிக்கொள்ளும் பயிற்சியை நீரில் செய்தால் நினைவு தப்பக்கூடும். அது வேண்டவே வேண்டாம்.

நேரம் 30 வினாடி போதும். நெதர்லாந்தில் 3,018 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60, 90 வினாடிகள் குளிர்நீரில் நின்றவர்கள், நோய்க்காக எடுத்த விடுப்பு மற்றவர்களைவிட 29 சதவீதம் குறைந்தது. நேரத்தைக் கூட்டியதால் கூடுதல் பலன் தெரியவில்லை. நோயுற்றிருந்த நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. குளித்தபின் வரும் சுறுசுறுப்பு உண்மையானது. நார்அட்ரினலின் என்னும் ஹார்மோன் கூடுவதால் அது வருவதாகக் கருதப்படுகிறது. பளு தூக்கிய கையோடு குளிர்நீரில் அமிழ்வது மட்டும் தசை வளர்ச்சியைக் குறைக்கக்கூடும்.

முடிந்ததும் ஈரம் போகத் துவட்டி, உலர்ந்த உடை உடுத்தி, சூடாக ஏதேனும் குடியுங்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். சில வாரங்களில் மூச்சு உங்கள் வசப்பட்ட பிறகும், மேட்டூர்த் தண்ணீர் இழுத்தோடும் நாள்களில் ஆற்றில் இறங்காதீர்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது.